மாசிலாமணி ஒரு நாடாக இருந்த நாள்

சிறுமலை அடிவாரத்தில், வாழைத்தோப்புகள் முடிந்து பாறை தொடங்கும் இடத்தில், ஒரு குடில் இருந்தது. அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. அங்கே இருந்த பெண்மணியை எல்லோரும் அம்மா என்றார்கள். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். காவி உடுத்தியதில்லை. வருகிறவர்களோடு அதிகம் பேசமாட்டார். பேசினாலும் பெரும்பாலும் கேள்வியாகத்தான் இருக்கும்.

மாசிலாமணி அங்கே வந்து சேர்ந்தபோது அறுபதைக் கடந்திருந்தார். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் பெட்டிகளைத் திறந்து திறந்தே ஆயுசு போயிருந்தது. மனைவி இறந்த பிறகு, சொந்த வீட்டுக் கதவைத் திறப்பதுதான் அவருக்குக் கடினமாக இருந்தது. அதனால் இங்கே வந்துவிட்டார்.

தன்னைவிட இருபது வயது சிறியவரை அம்மா என்று அழைக்க முதலில் வாய் வரவில்லை. பிறகு வந்தது. சீடரானார் என்று சொல்லலாம். சந்தேகத்தோடு சீடரானார் என்றால் இன்னும் சரியாக இருக்கும். கூழ் குடிக்கும் முன் அதில் என்னென்ன போட்டிருக்கிறது என்று கேட்பார். தியானத்தில் ஒரு கண்ணைத் திறந்து, மற்றவர்கள் ஒழுங்காக மூடியிருக்கிறார்களா என்று பார்ப்பார்.

ஒரு நாள் காலை அம்மாவிடம் வந்தார்.

"ஒரு சந்தேகம்மா."

"ஒண்ணுதானா?"

"அடுத்த மாசம் பராகுவே போறேன். என் மக அரசி இருக்கிற நாடு. போறதுக்கு முன்னாடி அது நம்பக்கூடிய இடமா இல்லையான்னு தெரிஞ்சாகணும்."

"இதுவரைக்கும் என்ன தெரிஞ்சுது?"

மாசிலாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். இதற்குத்தான் காத்திருந்தார்.

"தென் அமெரிக்காவுக்கு நடுவுல இருக்கு. நாலா பக்கமும் நிலம். கடலே கிடையாது. ஆனா கடற்படை வெச்சிருக்காங்க. எதுக்கு?"

"ஆறு இருக்குமோ என்னமோ."

"அப்படித்தான் அவங்களும் சொல்றாங்க. சரி, விடுங்க. கொடி இருக்கு. முன்பக்கம் ஒரு முத்திரை, பின்பக்கம் வேற முத்திரை. உலகத்துல எந்தக் கொடிக்காவது ரெண்டு முகம் உண்டா? அப்புறம் சூப். சூப்புன்னு பேரு. கொண்டாந்து வெச்சா சோளமாவுல சுட்ட கேக் மாதிரி கட்டியா இருக்கு, கத்தியால வெட்டித் திங்கறாங்க. என் சர்வீஸ்ல இதுக்குப் பேரு பொய்க் கணக்கு. உள்ளே ஒண்ணு, மேலே எழுதினது ஒண்ணு."

அடுப்படியிலிருந்து பிலோமினாவின் சிரிப்பு கேட்டது. குடிலில் சமைப்பவள். திண்டுக்கல்காரி. கையில் அகப்பையோடு வாசலுக்கு வந்து நின்றுகொண்டாள்.

"மதியம் ஆனா கடையெல்லாம் சாத்திடறாங்க," என்றார் மாசிலாமணி. "பட்டப்பகல்ல. உள்ள என்ன பண்றாங்க?"

"தூங்குவாங்க," என்றார் அம்மா.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"பாஷை?"

"ஸ்பானிஷ் ஒண்ணு. குவாரனின்னு அந்த மண்ணோட பாஷை ஒண்ணு. ஒரே வாக்கியத்துல ரெண்டையும் கலந்து பேசுவாங்களாம். நான் ஸ்பானிஷ் கத்துக்கிட்டிருக்கேன், போன்ல."

"எங்கே, சொல்லுங்க."

'இது யாருடையது', 'இதற்குள் என்ன இருக்கிறது', 'போலீஸ் நிலையம் எங்கே' என்ற மூன்றையும் அவர் சுத்தமாகச் சொல்லி, அர்த்தமும் சொன்னார்.

"'நல்லா இருக்கீங்களா'ன்னு எப்படிக் கேப்பாங்க?"

"அது இன்னும் வரலைம்மா. பாடத்துல பின்னால இருக்கு."

அம்மா தலையாட்டிக்கொண்டார். மாசிலாமணி குரலைத் தாழ்த்தினார். அடுத்ததுதான் அவரை உண்மையில் உறுத்திக்கொண்டிருந்தது.

"அங்கே ஒரு பழக்கம் இருக்கும்மா. மாட்டுக்கொம்புல செஞ்ச குவளை. அதுல ஏதோ இலைத்தூளைப் போட்டு, பச்சைத் தண்ணி ஊத்தி, ஒரு உலோகக் குழலைச் சொருகி, சுத்தி உட்கார்ந்து குடிக்கறாங்க. ஒரே குழல். இவர் உறிஞ்சிட்டு அவர்கிட்ட, அவர் உறிஞ்சிட்டு இவர்கிட்ட. எனக்குப் பொண்டாட்டி டம்ளரா இருந்தாலும் அண்ணாந்து குடிச்சுத்தான் பழக்கம். சைவ வீடு. மாட்டுக்கொம்பு, அதுல ஊர் எச்சில்!"

"மொதல்ல யாருக்குக் குடுப்பாங்க?"

"மொதத் தண்ணி யாருக்கும் கிடையாது. அது தோமையாருக்கு. இலை தானா உறிஞ்சிக்க விட்டுடுவாங்களாம். அரசி சொன்னா."

"எந்தத் தோமையார்?" என்றாள் பிலோமினா வாசலிலிருந்து. "ஏசு உயிர்த்து வந்ததையே சந்தேகப்பட்டாரே, அவரா?"

"அவர்தான். நம்ம பரங்கிமலைக்கு வந்ததாச் சொல்றோமே, அவரே அங்கேயும் வந்ததா அவங்க சொல்லிக்கறாங்க."

"அவரே அம்புட்டுத் தூரம் போய்ட்டு வந்துட்டாரு. ஐயாவுக்கு என்னவாம்?"

மாசிலாமணி அவளை முறைத்தார். அவள் அசையவில்லை.

அவருக்கு என்ன என்பது குடிலில் எல்லோருக்கும் தெரியும். அவரே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார், தப்பு செய்ததாக அவர் நினைக்காததால்.

அரசி படிப்புக்கென்று போன இடத்தில் எமிலியோ என்ற பராகுவேக்காரனை விரும்பினாள். கல்யாணத்துக்காக அவன் சென்னை வந்து மாசிலாமணி வீட்டில் தங்கினான். அவன் குளிக்கப் போன நேரத்தில் மாசிலாமணி அவன் பையைத் திறந்தார். கை தானாகப் போயிற்று. உள்ளே துணியில் சுற்றி ஒரு பொட்டலம், பச்சைப் பசேலென்று தூள். எமிலியோவின் தாய் ரமோனா, மகன் போகிற இடத்தில் குடிக்கட்டும் என்று தன் கையால் கலந்து கட்டிக்கொடுத்த இலைத்தூள். மாசிலாமணி மோந்து பார்த்தார். போதைச் சரக்கு என்று முடிவு செய்தார். ஆய்வுக்கூடத்தில் இருந்த பழைய நண்பருக்குப் பொட்டலத்தை அப்படியே கொடுத்தனுப்பிவிட்டார். இலைதான் என்று பதில் வந்தது. ஆய்வுக்குப் போன பொட்டலம் திரும்பி வரவில்லை.

விஷயம் தெரிந்தபோது அரசி அழுதாள். எமிலியோ சிரித்தான்.

"குத்தம் இல்லாதவன்னா கோபம்ல வந்திருக்கணும்?" என்பார் மாசிலாமணி. "இவன் ஏன் சிரிச்சான்?"

கல்யாணம் முடிந்து அவர்கள் போய்விட்டார்கள். இப்போது அங்கே ஒரு பேத்தி பிறந்து, கவிழ்ந்து படுக்கிற வயதில் இருக்கிறாள். அரசி அப்பாவைக் கூப்பிட்டாள். கூப்பிடும்போதே ஒன்று சொன்னாள்: "அப்பாவா வாங்க. ஆபீசரா வந்தீங்கன்னா நான் கதவைத் திறக்கமாட்டேன். அப்புறம் நாம பேசிக்கவே வேண்டாம்." சொன்னால் செய்கிறவள். அது அவரிடமிருந்துதான் அவளுக்கு வந்தது.

"தெரியாம நுழைஞ்சு ஏதாவது தப்பாப் பண்ணிட்டா மகளை இழந்துடுவேம்மா," என்றார் மாசிலாமணி. "அதனாலதான் கேக்கறேன். போறதுக்கு முன்னாடி ஒரு நாட்டை எப்படித் தெரிஞ்சுக்கறது?"

அம்மா வாசலைப் பார்த்தார்.

"பிலோமினா, ஐயாவோட நீ பேசியிருக்கியா?"

"சோத்துல கல்லு கிடக்குதுன்னு அவர் பேசியிருக்காரு. நான் பேசினதில்லை."

"அப்போ நீதான் சரி. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் மாசிலாமணி ஐயாதான் நாடு. நீ அந்த நாட்டுக்குப் போகப்போறே. போறதுக்கு முன்னாடி எல்லாம் தெரிஞ்சுக்கோ. யார்கிட்ட வேணா கேளு. அவர்கிட்ட மட்டும் கேக்காதே. நாளைக்கு வந்து எங்களுக்குச் சொல்லு."

"சம்பளத்தோட லீவாம்மா?"

"கூழ் வெச்சிட்டுப் போ."

பிலோமினா அகப்பையை வைத்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகினாள்.

அன்று முழுக்க மாசிலாமணி நாடாக இருந்தார். அது அவருக்குப் பிடிக்கவில்லை. பம்பு செட்டில் குளிக்கும்போது தென்னை மரத்துக்குப் பின்னால் சேலை தெரிந்தது. பால்காரர் வழக்கத்தைவிட நெடுநேரம் அடுப்படியில் நின்று பேசினார். மலைக்கு ஜீப் ஓட்டுகிறவர் அவரைப் பார்த்துக் காரணமில்லாமல் வணக்கம் வைத்தார். தான் நெருங்கும்போது பேச்சு நிற்பதையும், தாண்டிய பிறகு தொடங்குவதையும் மாசிலாமணி முதன்முதலாகக் கேட்டார். எத்தனையோ பேர் தன் மேஜைக்கு முன்னால் கால்மாற்றி நின்றது ஞாபகம் வந்தது. அதை உடனே ஒதுக்கினார்.

மறுநாள் மாலை எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். பிலோமினா எழுந்து நின்றாள். மாதா கோயிலில் வாசகம் படிப்பவள்போல் தொண்டையைச் செருமினாள்.

"இந்த நாட்டுக்குப் பேரு மாசிலாமணி. அழுக்கே இல்லாத மணின்னு அர்த்தமாம். ஆனா அந்த நீல மேல்துண்டு, நான் விசாரிச்ச வரைக்கும், தண்ணியைப் பாத்து ஒரு மாசம் இருக்கும்."

கூடம் குலுங்கியது.

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்லைன்னு எல்லார்கிட்டயும் சொல்லுது இந்த நாடு. பை நிறைய மாத்திரை வெச்சிருக்கு. எதுக்கு? முன்பக்கம் பாத்தா நெத்தி நிறைய திருநீறு. பின்பக்கம் பாத்தா இடுப்புல சாவிக்கொத்து. எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவருக்கு எதுக்குங்க அம்புட்டுச் சாவி?"

மாசிலாமணியின் கை இடுப்புக்குப் போயிற்று.

"இனிமேதான் முக்கியம். மத்தியானச் சோறு தின்னதும் கதவைச் சாத்திக்குது. பட்டப்பகல்ல. தூங்குதா? இல்லை. நான் சுவத்துல காது வெச்சேன். உள்ள சத்தம் கேக்குது. மனுசப் பேச்சு இல்லை. 'ங்கூ'ங்குது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு குரலு 'ங்கூ'ங்குது. பால்காரர் சத்தியம் பண்றாரு, அது மாந்திரீகம்னு. ஆக நான் சொல்றது என்னன்னா, இந்த நாட்டுக்கு யாரும் தனியாப் போகாதீங்க. போறதுன்னா நகையைக் கழட்டி வெச்சிட்டுப் போங்க."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மாசிலாமணி எழுந்துவிட்டார்.

"அபாண்டம்!"

"எது?" என்றார் அம்மா.

அவர் வாயைத் திறந்தார். மேல்துண்டு, மாத்திரை, சாவி, கதவு என்று ஒவ்வொன்றாகப் புரட்டினார். பொய் என்று எடுத்து வைக்க ஒன்றும் அகப்படவில்லை.

"எல்லாம் நிஜம்தான். ஆனா... அது நான் இல்லைம்மா."

தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்தார்.

"மேல்துண்டு என் சம்சாரம் கடைசியாத் தோச்சு மடிச்சு வெச்சது. சாவியெல்லாம் அந்த வீட்டுது. இனிமே திறக்கப்போறதில்லை, தூக்கிப் போடவும் மனசு வரலை." நிறுத்தினார். "உள்ளே இருக்கிறது என் பேத்தி. அராமின்னு பேரு. அரசி அனுப்பின வீடியோ. அது 'ங்கூ'ங்கும். நானும் சொல்லுவேன். நேர்ல பாக்கும்போது என் குரலுக்குப் பயந்து அழுதுடக் கூடாதேன்னு பழகிக்கறேன்."

பிலோமினாவின் முகம் மாறிவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதை மொதல்லயே சொல்றதுக்கு என்னய்யா?" என்றாள்.

"என்னை யார் கேட்டா?"

சொன்ன பிறகு அவர் அப்படியே நின்றார். தன் வாயிலிருந்து வந்ததை வேறு யாரோ சொன்னதுபோல் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு உட்கார்ந்தார். மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

"சரிம்மா," என்றார் கடைசியில். "அவங்களையே கேக்கறேன்."

"என்னன்னு?"

"கடற்படை எதுக்குன்னு."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததும் போயிற்று.

"அங்கே ஒரு வீட்டுலயும் இப்போ இதே பேச்சாத்தானே இருக்கும்? யாரோ வரப்போறார், எப்படிப்பட்டவரோன்னு. உங்களைப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்?"

மாசிலாமணியின் முகம் வெளிறியது. இத்தனை நாள் அவர் சுற்றி வளைத்துத் தள்ளிப் போட்டது இதைத்தான். ரமோனா தன் கையால் கட்டிக்கொடுத்த இலையைக் கஞ்சா என்று நினைத்து ஆய்வுக்கு அனுப்பியவர் அவர். அவளுக்குத் தெரிந்திருப்பது அது ஒன்றாகத்தான் இருக்கும்.

"கேட்டுப் பாருங்க," என்றார் அம்மா.

குடிலுக்குள் சிக்னல் கிடைக்காது. பாறைமேல் ஏறினால் கிடைக்கும். மாசிலாமணி ஏறினார். இங்கே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே காலை.

"சொல்லுங்கப்பா," என்றாள் அரசி. "இன்னிக்கு என்ன விசாரணை?"

"விசாரணை இல்லைம்மா. உன் மாமியார்கிட்ட என்னைப் பத்தி என்ன சொல்லியிருக்கே?"

 

"எதுக்குக் கேக்கறீங்க?"

"அந்தப் பொட்டலம் என்ன ஆச்சுன்னு அவங்க கேட்டிருப்பாங்கல்ல?"

"கேட்டாங்க. ஊருக்கு வந்து எறங்கினதும் அதைத்தான் கேட்டாங்க." அரசி பெருமூச்சு விட்டாள். "நான் உள்ளதைச் சொல்லிடலாம்னுதான் வாயெடுத்தேன். எமிலியோ முந்திக்கிட்டான். 'அரசியோட அப்பாவுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சும்மா, மொத்தத்தையும் அவரே குடிச்சுத் தீர்த்துட்டார்'னான்."

மாசிலாமணி பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

"நானா?"

"நீங்கதான். அன்னிலேர்ந்து அவங்க ஒவ்வொரு வெயில் காலத்துலயும் உங்களுக்குன்னு இலை கலந்து ஒரு ஜாடியில போட்டு வெக்கறாங்க. அதை நான்கூடத் தொடக் கூடாது. இந்தியால ஒருத்தருக்கு என் கைக்கலவை பிடிச்சுதுன்னு தெருவெல்லாம் சொல்லியாச்சு. உங்களைப் பக்கத்துல உட்கார வெச்சு அவங்களே ஊத்தித் தரணுமாம்."

"அவன் எதுக்கு அப்படிச் சொன்னான்? அவனுக்கு என்ன லாபம்?"

"லாபமா?" அவள் குரல் கூர்மையாயிற்று. "போனை வெச்சிடவா?"

"வெக்காதே. நிஜமாவே புரியலைம்மா. அதான் கேக்கறேன்."

'புரியலை' என்ற வார்த்தையை அப்பாவின் வாயிலிருந்து அவள் அதுவரை கேட்டதில்லை.

"நானும் அவனைக் கேட்டேன். 'உங்கப்பா என்னிக்காவது இந்த வீட்டுக்கு வருவார். அன்னிக்கு எங்கம்மா முகத்தை அவர் நிமிர்ந்து பாக்கணுமே'ன்னான்."

கீழே வாழைத்தோப்பில் யாரோ மாட்டை அதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வர்றீங்களாப்பா, இல்லையா?"

"கூப்பிடறேன்," என்று மட்டும் சொல்லி வைத்தார்.

அவர் இறங்கி வந்தபோது அம்மா முற்றத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். மாசிலாமணி எதிரில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். ஒரு மொச்சைக் காயை எடுத்தார். உரிக்காமல் வைத்திருந்தார்.

"பொய்ம்மா அது. முழுப் பொய்."

"ஆமா."

"சர்வீஸ் முழுக்கப் பொய் சொல்லிச் சரக்கு கொண்டாந்தவங்களைப் பிடிச்சவன் நான். இப்ப என்னையே ஒருத்தன் பொய் சொல்லி உள்ளே கொண்டு போயிட்டான்."

"பிடிச்சுக் குடுத்துடுங்களேன். போன உடனே அந்த அம்மாகிட்ட உள்ளதைச் சொல்லிடுங்க."

மாசிலாமணி அந்தக் காட்சியை மனத்துக்குள் பார்த்தார். ஜாடியைக் கையில் ஏந்தியபடி ஒருத்தி நிற்கிறாள். அவளிடம் இவர் சொல்கிறார். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"முடியாதும்மா."

"அப்போ?"

"அப்போ உட்காரணும். பக்கத்துல. எல்லாரும் பாத்துக்கிட்டிருப்பாங்க. அந்தக் கொம்பை வாங்கணும். ஊரே வாய் வெச்ச குழல்ல நானும் வாய் வெக்கணும். கசக்குமாம், அரசி சொல்லியிருக்கா." அவர் குரல் குழந்தையின் குரல்போல் ஆகிவிட்டது. "குடிச்சுப் பாத்து எனக்குப் பிடிக்கலேன்னா என்னம்மா பண்றது?"

அம்மா கையிலிருந்த மொச்சையைப் பிதுக்கிக் கிண்ணத்தில் போட்டார். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களுக்குப் பிடிச்சுப்போச்சுன்னு சொன்ன அன்னிக்கு, அந்தப் பையனுக்கு உங்களைப் பிடிச்சா இருந்தது?"